நாற்பத்தொரு தடவை

ஜனவரி 9

தம்பிக்கு,

இனி உன்னோடு போனில் பேச மாட்டேன். நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்காது. எதுவானாலும் எழுது. நானும் எழுதுகிறேன். வக்கீலும் அதைத்தான் சொன்னார்.

அம்மாவின் கழுத்தில் நான் மாட்டிவிட்டிருந்த அழைப்புப் பட்டனை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்தேன் அல்லவா, அதைச் செய்த கம்பெனியிலேயே கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னேன். நேற்று பதில் வந்தது. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது நாற்பதிலிருந்து பகல் ஒன்றரைக்குள் அந்தப் பட்டன் நாற்பத்தொரு தடவை அழுத்தப்பட்டிருக்கிறது. நாற்பத்தொரு தடவை! லிஃப்டு ரிப்பேர்காரனாகிய உனக்கு இது பெரிய எண்ணாகத் தெரியாது. உன் லிஃப்டுகளின் பட்டனை ஜனங்கள் சும்மாவே அவ்வளவு தடவை அழுத்துவார்கள். எழுபத்தாறு வயதுக் கிழவி, இடுப்பெலும்பு உடைந்து, பாத்ரூமின் ஈரத் தரையில் கிடந்துகொண்டு அழுத்தினாள். அதை நினைத்துப் பார்.

மாடியில் அவள். கீழே உன் பெண்டாட்டி தையல் மெஷினில். பட்டனை அழுத்தினால் அடிக்கிற மணி இருக்கும் இடம் மெஷினிலிருந்து கையெட்டும் தூரம். நானே அளந்து சுவரில் மாட்டினேன். நான் வந்திருந்த ஐந்து நாளில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். "மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சுடி. நான் அமுக்க அமுக்க அது பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. ஒரு தடவகூட நிக்கல."

மணியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாளா, இல்லை காது கேட்டும் எழுந்திருக்க மனமில்லையா? இரண்டில் ஒன்றை அவள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அது வந்தால் அம்மாவை இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்வேன். உங்கள் இரண்டு பேரிடமும் ஒரு நாய்க்குட்டியைக்கூட விட முடியாது.

அக்கா

*

ஜனவரி 17

அக்காவுக்கு,

உன் கடிதம் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டே தபால்காரர், "என்ன சார், கோர்ட்டு விஷயமா?" என்றார். "அதவிடப் பெருசு, எங்க அக்கா" என்றேன். அவர் சிரித்தார். உள்ளே வந்து படித்த பிறகு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இருந்தது.

மணி அடிக்கவில்லை. உன் தலைமேல் அடித்துச் சொல்கிறேன் என்று எழுதினால் அதற்கும் கோபித்துக்கொள்வாய், என் தலைமேலேயே அடித்துச் சொல்கிறேன். பிளக் அதனிடத்தில்தான் இருந்தது. நான் அன்றைக்கு எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டுக் குழிக்குள் இருந்தேன். ஒன்றரைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போன என் பெண்டாட்டிதான் அம்மாவைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். அவள் குரலை அடையாளமே தெரியவில்லை.

காலையிலிருந்து ஒரு தடவைகூட ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும் கேட்டாய். அவள் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்கிறேன். அக்டோபரில் அம்மாவுக்குக் குளிர் என்று போர்வை எடுக்க அவள் பீரோவைத் திறந்தாள். அங்கிருந்தே அம்மாவைப் பார்க்க மாடி முன்னறையில் நீ மாட்டிவிட்டுப் போன கேமராவில் அது தெரிந்திருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் உன் போன். "என்ன தேடற, எங்கம்மா நகையா?" என்றாய். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம், "சாப்பாடு கொடுக்கப் போறேன். மணி அடிச்சா ஓடறேன். மத்தபடி அந்தக் கேமரா முன்னாடி நான் போய் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. அதை வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அம்மாவின் இருதயம் தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதமோ ஆறு மாதமோ, அவ்வளவுதான் என்கிறார். அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் ஊட்டினால் நாலு வாய் வாங்கிக்கொள்கிறாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டே. என் பெண்டாட்டி ஊட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். உடம்பைத் துடைத்துவிடுவது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். அப்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். நாங்கள் கேட்டும் வராமல் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டே அம்மா போய்விடக் கூடாது. மணி ஏன் அடிக்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொல், அக்கா. இது உன் தொழில். நீ என்ன சோதனை செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி

*

ஜனவரி 26

தம்பிக்கு,

சரி. சோதனை செய்து பார்த்துவிடலாம். நீயே உன் கையால் நிரூபித்துக் கொடுத்தால் எனக்கு வேலை மிச்சம்.

பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதவன் நீ. அதனால் உன் மண்டையில் ஏறுகிற மாதிரி சொல்கிறேன். பட்டன், மணி என்று வீட்டில் எத்தனை வைஃபை சாமான் இருந்தாலும் அவை பேசுவதற்குக் காற்றில் பாதை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம். இரண்டு சேர்ந்து பேசினால் நடுவில் இருக்கும் ரூட்டருக்கு இரண்டுமே புரியாது, வெறும் இரைச்சல். அதனால் ஒவ்வொன்றும் வாயைத் திறக்குமுன் காதைத் திறக்கும். வேறு யாராவது பேசினால் சும்மா இருக்கும். பேச்சு நின்றதும் பாய்ந்துவிடாது. ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அதிலிருந்து பூஜ்யம்வரை எண்ணும். நாலை எடுத்தது ஒன்பதை எடுத்ததற்கு முன்னால் பேசும், அடுத்த தடவை அது மாறும். அதிகாரி கிடையாது, விசில் ஊதுகிறவன் கிடையாது. எல்லாம் மரியாதையாகக் காத்திருந்தால் எல்லாவற்றுக்கும் முறை வரும். அப்படியும் மோதிக்கொண்டால் முன்னைவிட இரண்டு மடங்கு காத்திருந்து திரும்ப முயலும். அம்மாவின் பட்டன் ஏழு தடவை முயன்றுவிட்டு, பேட்டரி தீர்ந்துவிடும் என்று விட்டுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி ஏழு. இத்தனையும் நீ கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

காத்திருக்காத திருட்டுச் சாமான்களும் உண்டு. எண்ணாமலே பேசும். அதன் வேலை பிரமாதமாக நடக்கும், பக்கத்தில் இருக்கிற மற்றதெல்லாம் வாயடைத்துப்போகும். அதுகளைப் பிடித்து வெளியே தள்ளத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் எனக்கு 'வரிசை அம்மா' என்றே பெயர். உன் வீட்டில் அப்படி ஏதாவது மலிவுச் சாமானை வாங்கி வைத்திருக்கிறாயா என்று பார்.

அதே ரகத்தில் புதுப் பட்டன் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பாத்ரூம் தரையில், அம்மா விழுந்த இடத்தில் உட்கார்ந்து அழுத்து. கதவைத் திறந்து பத்துத் தடவை, மூடிப் பத்துத் தடவை. கீழே மெஷின் ஓடும்போது பத்து. டிவி, இஸ்திரிப் பெட்டி, உன் பெண்டாட்டியின் போன் எல்லாம் ஓடும்போது பத்து. ஒவ்வொன்றுக்கும் மணி அடித்ததா இல்லையா என்று எழுது. வெளியாள் யாரையாவது கீழே நிற்க வை. அவளை நிற்க வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அக்கா

*

பிப்ரவரி 8

அக்காவுக்கு,

செய்து முடித்தேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கீழே உட்காரவைத்தேன். மனிதர் சிவப்புப் பேனாவோடு வந்துவிட்டார்.

கதவு திறந்து, பத்துக்குப் பத்து அடித்தது. மூடி, பத்துக்குப் பத்து. மெஷின் ஓடும்போது பத்து, எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஒன்று மட்டும் கொஞ்சம் தாமதமாக அடித்தது, அதுவும் அடித்தது. வாத்தியார் கூட்டிப் பார்த்து நாற்பதுக்கு நாற்பது என்று போட்டு அடியில் கோடும் கிழித்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வாங்காத மார்க்கு. அவர் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் மெஷினை நிறுத்தினாள். சோதனைதான் என்று தெரிந்தும் நிறுத்தினாள். வாத்தியார், "நீ பாட்டுக்குத் தைம்மா" என்றாராம். அவளால் முடியவில்லை.

அம்மா படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தபோது முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "இப்ப மட்டும் அடிக்குதா?" என்று கேட்கிற பார்வை அது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தம்பி

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

வாத்தியாருக்கு என் நன்றியைச் சொல். தாளின் நகல் வக்கீலிடம் போய்விட்டது.

நீயே உன் கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொண்டாய், புரிகிறதா? பட்டன் வேலை செய்கிறது. மணி வேலை செய்கிறது. நாற்பதுக்கு நாற்பது. அப்படியானால் அன்றைக்கு அம்மா அழுத்திய நாற்பத்தொன்றும் எங்கே போயிற்று? காற்றில் கரைந்ததா? பிளக்கைப் பிடுங்கியிருந்தால் ஒழிய அது நடக்காது. வேலைக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று பிடுங்கியிருப்பாள், அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து திரும்பச் சொருகியிருப்பாள். உனக்கு அது தெரியாமலும் இருக்கலாம். நீ எப்போதுமே கடைசியில்தான் தெரிந்துகொள்வாய்.

பேச்சு முடிந்தது. அவள் எழுதித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நீ அம்மாவிடம் சொன்னதற்குப் பிறகு அம்மா என் கையிலும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. பகலில் ஒரு ஆயாவை ஏற்பாடு செய்திருக்கிறேன். அவள் ஊட்டினால் சாப்பிடுகிறாள். பெற்ற பிள்ளை அறைக்கு வெளியே நின்று எத்தனை வாய் போயிற்று என்று எண்ணுகிறேன். இதை நீ படித்துச் சந்தோஷப்படு.

என் பெண்டாட்டி எழுதித் தரத் தயாராகத்தான் இருந்தாள். "எழுதிக் கொடுத்துடறேங்க, அத்தை சாப்பிட்டா போதும்" என்று பேனாவை எடுத்துவிட்டாள். என்ன எழுதுவது என்று கேட்டாள். பிளக்கைப் பிடுங்கினேன் என்று எழுது என்றேன். அப்போதுதான் அவள் யோசித்து யோசித்து ஒன்று சொன்னாள். "அன்னிக்குக் காலைல போன்ல பாட்டு ஓடவே இல்லைங்க. சுத்திக்கிட்டே இருந்துச்சு. உங்கக்கா கேமராவப் பாக்கும்போதெல்லாம் அப்படித்தான் ஆகும்." எப்படித் தெரியும் என்றேன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிற நாளில் பாட்டு நின்றுவிடும், அதை வைத்து நீ பார்க்கிறாய் என்று தெரிந்துகொள்வாளாம், மாடிக்குப் போகாமல் இருப்பாளாம்.

அந்த விளக்கு நீ அங்கிருந்து திறந்து பார்க்கும்போது மட்டும்தான் எரியும் என்று மாட்டிய அன்றைக்கு நீதான் எங்களுக்குச் சொன்னாய். நான் வாத்தியாரை வைத்துச் சோதனை செய்த அன்றைக்கு விளக்கு எரியவில்லை. அம்மா படுக்கையில் இருக்கிறாள், கேமராவில் தெரிவது முன்னறை நாற்காலி மட்டும்தான், காலி நாற்காலியை நீ எதற்குப் பார்க்கப் போகிறாய்?

அதனால் நீ சொல்லாத ஒரு சோதனையை நான் சொல்கிறேன். மார்ச் ஆறாம் தேதி காலை பத்து மணியிலிருந்து பதினொன்றுவரை கேமராவைத் திறந்து வை. வேறொன்றும் நீ செய்ய வேண்டாம். சும்மா பார்த்துக்கொண்டிரு.

தம்பி

*

மார்ச் 7

அக்காவுக்கு,

சரியாகப் பத்துக்கு விளக்கு எரிந்தது. பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுத்தினேன். பத்துத் தடவை. வாத்தியார் கீழிருந்து, "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கத்தினார். இன்னும் பத்து. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அம்மா கிடந்த இடத்திலிருந்து பார்த்தேன். அங்கிருந்து தெரிவது பீரோவின் முதுகு மட்டும்தான். கீழே மெஷின் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அதை ஓட்டச் சொன்னதே நான்தான். ஒரு மணி நேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட அடிக்கவில்லை.

பதினொன்றுக்கு விளக்கு அணைந்தது. ஒரே ஒரு தடவை அழுத்தினேன். மணி அடித்தது. அடித்ததும் மெஷின் நின்றது. அவள் படியேறி ஓடிவந்தாள், சோதனை என்பதை மறந்துவிட்டு. பாத்ரூம் வாசலில் என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து அறையில் அம்மாவுக்குக் கேட்டுவிடுமே என்று.

இது ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் வாய்ப்பாட்டுக்கு அழுதவன். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது நாற்பதிலிருந்து ஒன்றரைவரை நீ கேமராவைத் திறந்து வைத்திருந்தாயா?

அதற்குப் பதிலை எனக்கு எழுத வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மாவிடம் சொல். நாங்கள் சொன்னால் நம்ப மாட்டாள், நீ சொன்னால் நம்புவாள். மணி அடிக்கவே இல்லை, அவர்களுக்குக் கேட்கவே இல்லை, இவ்வளவு சொன்னால் போதும். காரணம் யார் என்று நீ சொல்ல வேண்டாம். மெஷின் ஏதோ கெட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொள். உன் காலில் விழுகிறேன், அக்கா.

தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

திறந்துதான் வைத்திருந்தேன். காலை எட்டே முக்காலிலிருந்து.

நான் கேமராவை மாட்டிய புதிதில் படம் விட்டுவிட்டு வரும். உன் தெருவில் வீட்டுக்கு வீடு வைஃபை, எல்லாம் ஒரே பாதையில் நின்று முறைக்குக் காத்திருக்கின்றன. அம்மாவின் முகம் பாதியில் உறைந்து நிற்கும், வாய் திறந்தபடி. பார்க்கச் சகிக்கவில்லை. செப்டம்பரில் வந்தபோது கேமராவின் உள்ளே போய் அதன் காத்திருப்பை எடுத்துவிட்டேன். எண்ணாமல் பேசும்படி செய்தேன். பேசுமுன் ரூட்டரிடம் அனுமதி கேட்கிற வழக்கத்தையும் நிறுத்தினேன், அது படத்தைத் தாமதப்படுத்துகிறது என்று. ஆமாம், நான்தான். மற்றவர்கள் கொண்டுவந்தால் முத்திரை குத்தித் தள்ளுகிற திருட்டுச் சாமானை என் அம்மா வீட்டில் என் கையால் செய்து மாட்டினேன். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பட்டனையும் யோசிக்காமல் இல்லை. முன்னறையில் வைத்து அழுத்திப் பார்த்தேன், அடித்தது. முன்னறையில் பட்டனுக்குக் கேமராவின் பேச்சு கேட்கும், எப்படியாவது இடையில் ஓர் ஓட்டையைப் பார்த்து நுழைந்துவிடும். பாத்ரூமுக்கும் கேமராவுக்கும் நடுவில் அந்த இரும்பு பீரோ நிற்கிறது. பட்டனுக்குக் கேமராவின் பேச்சு கேட்காது. காற்று அமைதியாக இருக்கிறது என்று நம்பி வாயைத் திறக்கும். நடுவில் ஹாலில் இருக்கிற ரூட்டருக்கு இரண்டும் சேர்ந்து கேட்கும், பட்டனின் சின்னக் குரல் நசுங்கிப்போகும். நாற்பத்தொன்றை ஏழால் பெருக்கிப் பார்த்தேன். அத்தனை தடவை அது கூப்பிட்டிருக்கிறது. பாத்ரூமில் போய் ஒரு தடவை அழுத்திப் பார்த்திருந்தால் போதும். கேமரா திறந்திருக்கும்போது பார்க்கவில்லை. முதல் வருஷம் வேலைக்கு வந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

அன்றைக்கு எதற்குத் திறந்து வைத்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் பெண்டாட்டி மறுபடி பீரோவைத் தொடுகிறாளா என்று பார்க்கத்தான். வேலை செய்துகொண்டே பக்கத்துத் திரையில் வைத்திருந்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கைப்பிடியில் அம்மாவின் துண்டு. நான்கு மணி நேரமும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லாமல் அம்மாவைக் கீழே கூட்டிப்போய்விட்டார்கள் என்று உன்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒன்றரைக்கு அவள் தட்டோடு வந்தாள், தட்டைப் போட்டுவிட்டு பீரோ பக்கம் ஓடினாள். 'மாட்டிக்கிட்டா!' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சத்தமாகச் சொல்லியும் விட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். சொல்லத்தான் எடுத்தேன். அம்மா நான் பேசுமுன், "எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதான்டி. அவ்வளவு தூரத்துல இருந்தும் நீதான் என்னப் பாத்துக்கிட்டே இருக்க" என்றாள். மழையா வெயிலா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

நான் சொல்லப் போவதில்லை, தம்பி. மெஷின் கெட்டது என்றுகூடச் சொல்ல மாட்டேன். அம்மா விவரம் தெரிந்தவள், எந்த மெஷின், யார் மாட்டியது என்று கேட்பாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்றை ஏற்கெனவே இழந்தாயிற்று. மிச்சம் இருக்கிற கொஞ்ச நாளில் இன்னொன்றையும் பறிக்க வேண்டுமா? யாராவது ஒருவர்மேல் அவளுக்குக் கோபம் இருக்கத்தான் போகிறது என்றால் அது உன்மேல் இருக்கட்டும். சின்ன வயதிலிருந்தே நான் உடைத்ததற்கும் நீதான் அடி வாங்கினாய், உனக்குப் பழக்கம். எனக்குப் பழக்கமில்லை. உன் பெண்டாட்டிக்கு என்ன, மாமியார்தானே. மாமியார் பேசாததால் எந்த மருமகளும் செத்துப்போனதில்லை.

வக்கீலை நிறுத்திவிட்டேன். கேமராவை இங்கிருந்தே சரிசெய்துவிட்டேன், இனி அது வரிசையில் நிற்கும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடு.

அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் ஆயா போனதும் அம்மாவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மேலே இருக்கிற தேதியிலிருந்து கீழே இருக்கிற 'அக்கா'வரை. ஒரு வரி விடவில்லை. எனக்குப் பழக்கம் என்று எழுதியதையும் படித்தேன். மாமியார்தானே என்றதையும் படித்தேன். வாசலில் நின்று என் பெண்டாட்டி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நான் நிறுத்தவில்லை. நாலு மாதமாக நல்லவனாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது, அக்கா.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியே கேட்டாள். நாற்காலியைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்த இடம் வந்ததும் இந்தப் பக்கம் திரும்பினாள். டிசம்பருக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு.

"நாற்காலியப் பாத்துக்கிட்டே இருந்தாளா?"

"ஆமாம்மா."

"நாலு மணி நேரமும்?"

"ஆமாம்மா."

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவள் ஓடிவந்து துடைத்தாள். அம்மா முகத்தைத் திருப்பவில்லை. இப்போது அவளைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். மன்னிப்பு எல்லாம் வேண்டாம். பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். அவளும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகத்தான் நின்றாள்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "இதப் படிச்சுக் காட்டினேன்னு அவளுக்கு எழுதிடாதடா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. பாவம், தனியா கெடக்கறா" என்றாள். எழுத மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். செய்தேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பால் ஆற்றிக் கொண்டுவந்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை.

சத்தியம் செய்துவிட்டுக் கீழே வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போலப் போன் செய்வாய். அம்மா எதுவும் தெரியாதது மாதிரி, நீ ஒருத்திதான்டி என்பாள். அவளுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாதது மாதிரி நீயும் பேச வேண்டும். ஒரு வார்த்தை பிசகினாலும் அவளுக்குப் புரிந்துவிடும், நீயே எழுதியிருக்கிறாய், விவரம் தெரிந்தவள். டாக்டர் இன்னும் மூன்று மாதம் என்கிறார். வாரா வாரம் பேசு.

தம்பி